மடிப்பே நிறுத்தற்குறி: மைட்டோகாண்ட்ரியாவின் ஆர்.என்.ஏ.

மனித உடலின் பெரும்பாலான செல்களில் டி.என்.ஏ. இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, செல்லின் உட்கரு. மற்றொன்று, உணவிலுள்ள ஆற்றலை ஏ.டி.பி. என்ற மூலக்கூறாக மாற்றித் தரும் மைட்டோகாண்ட்ரியா. உட்கருவின் டி.என்.ஏ. ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்டது. மைட்டோகாண்ட்ரியாவில் உள்ளது 16,569 எழுத்துகள் மட்டுமே கொண்ட சிறு வளையம். ஒரு செல்லில் இந்த வளையத்தின் படிகள் நூற்றுக்கணக்கிலும், சில செல்களில் ஆயிரக்கணக்கிலும் இருக்கும். பிள்ளைகளுக்கு இது தாயிடமிருந்தே வருகிறது.

1963-இல் ஸ்டாக்ஹோமில் மார்கிட் நாஸ், சில்வன் நாஸ் இருவரும் கோழிக்கருவின் செல்களை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, மைட்டோகாண்ட்ரியாவுக்குள் டி.என்.ஏ. இழைகள் இருப்பதைக் கண்டறிந்தனர். 1981-இல் கேம்பிரிட்ஜில் ஃபிரெடெரிக் சாங்கரின் ஆய்வுக்குழு மனித மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை முதல் எழுத்து முதல் கடைசி எழுத்து வரை படித்து வெளியிட்டது. அதில் 37 மரபணுக்கள் இருந்தன. 13 மரபணுக்கள் புரதங்களுக்கு உரியவை. 22 மரபணுக்கள் அமினோ அமிலங்களைச் சுமந்துவரும் கடத்து ஆர்.என்.ஏ.க்களுக்கும், 2 மரபணுக்கள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் ஆர்.என்.ஏ.க்களுக்கும் உரியவை.

அந்த வரிசையில் ஆய்வாளர்களை வியக்க வைத்தது அதன் நெருக்கம். உட்கருவில் மரபணுக்களுக்கு நடுவே நீண்ட வெற்றிடங்கள் உண்டு. ஒவ்வொரு மரபணுவுக்கும் தனித்தனித் தொடக்க இடமும் உண்டு. மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு மரபணு முடிந்த இடத்திலேயே பெரும்பாலும் அடுத்தது தொடங்குகிறது. சில மரபணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் கிடக்கின்றன. ஏ.டி.பி.8, ஏ.டி.பி.6 என்ற இரண்டும் 46 எழுத்துகளைப் பகிர்ந்துகொள்கின்றன. மரபணு எதுவும் இல்லாத பெரிய பகுதி ஒன்றே ஒன்று. அதன் நீளம் சுமார் 1,100 எழுத்துகள். 'இங்கே தொடங்கு, இங்கே வெட்டு, இங்கே நிறுத்து' என்று எழுதிவைக்கத் தனி இடமே இல்லாத இந்த வளையத்தில், அந்தக் கட்டளைகளில் பெரும்பகுதியை ஆர்.என்.ஏ.வின் மடிப்புதான் சுமக்கிறது.

ஆர்.என்.ஏ. எப்படி மடிகிறது

டி.என்.ஏ.விலுள்ள செய்தியை ஆர்.என்.ஏ.வாகப் பிரதி எடுப்பதே படியெடுத்தல். டி.என்.ஏ. இரண்டு இழைகள் பின்னியது, ஆர்.என்.ஏ. ஒற்றை இழை. அதன் நான்கு எழுத்துகள் அடினைன், யுராசில், குவானைன், சைட்டோசின். சுருக்கமாக ஏ, யு, ஜி, சி. ஏ-வுடன் யு இணையும். ஜி-யுடன் சி இணையும். ஜி-யும் யு-வும்கூடத் தளர்வாக இணைவதுண்டு. துணை இழை இல்லாததால், ஆர்.என்.ஏ. தன் உடலிலேயே பொருத்தமான எழுத்துகளைத் தேடி வளைந்து சேர்ந்துகொள்கிறது. இரு பகுதிகள் சேர்ந்த இடம் தண்டாகவும், சேராமல் நிற்கும் இடம் கண்ணியாகவும் அமைகிறது.

இந்தத் தண்டின் உறுதி எழுத்துகளைப் பொறுத்தது. ஜி-சி இணையில் மூன்று ஹைட்ரஜன் பிணைப்புகள். ஏ-யு இணையில் இரண்டு. ஆகவே ஜி-யும் சி-யும் மிகுந்த தண்டு இறுகி நிற்கும். ஏ-யும் யு-வும் மிகுந்த தண்டு எளிதில் பிரிந்து, வேறு விதமாகவும் மடிந்துவிடும். மனித மைட்டோகாண்ட்ரியாவின் கடத்து ஆர்.என்.ஏ.க்களில் பெரும்பாலானவற்றில் ஜி குறைவு. அவற்றின் பலவீனம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஒரே மூச்சில் ஒரு முழு வளையம்

மைட்டோகாண்ட்ரியாவில் படியெடுக்கும் நொதியின் பெயர் போல்ஆர்எம்டி. உட்கருவில் இந்த வேலையைச் செய்பவை பல புரதங்கள் சேர்ந்த பெரிய நொதிகள். போல்ஆர்எம்டி ஒற்றைப் புரதம். பாக்டீரியாக்களைத் தாக்கும் டி7 என்ற வைரஸின் நொதியை அது அமைப்பில் ஒத்திருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவின் முன்னோர் பாக்டீரியா என்றாலும், அதன் படியெடுக்கும் நொதி வைரஸ் வழியைச் சேர்ந்தது. டிஃபாம் என்ற புரதம் தொடக்க இடத்தில் டி.என்.ஏ.வை வளைத்துப் பிடிக்க, டிஎஃப்பி2எம் என்ற புரதம் இழைகளை விலக்க, போல்ஆர்எம்டி வேலையைத் தொடங்குகிறது.

வளையத்தின் இரு இழைகளும் படியெடுக்கப்படுகின்றன. ஒரு திசையில் கிடைக்கும் நீண்ட ஆர்.என்.ஏ.வில் 12 புரதங்களுக்கும், 14 கடத்து ஆர்.என்.ஏ.க்களுக்கும், இரண்டு ரைபோசோம் ஆர்.என்.ஏ.க்களுக்கும் உரிய பகுதிகள் வரிசையாக இருக்கும். எதிர்த்திசையில் கிடைப்பதில் என்.டி.6 என்ற ஒரே புரதத்துக்கும் 8 கடத்து ஆர்.என்.ஏ.க்களுக்கும் உரிய பகுதிகள் இருக்கும். உட்கருவைப் போல ஒவ்வொரு மரபணுவுக்கும் தனிப்பிரதி எடுக்கும் வழக்கம் இங்கே இல்லை. கிட்டத்தட்ட முழு வளையமும் ஒரே நீளமாகப் பிரதியாகி, பிறகுதான் துண்டாக்கப்படுகிறது.

வெட்டும் இடம் எது?

இந்த நீண்ட ஆர்.என்.ஏ.வை எங்கே வெட்டுவது என்ற கேள்விக்கு 1981-இல் விடை கிடைத்தது. கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஜியுசெப்பே அத்தார்தியின் குழு, மரபணு வரிசையையும் செல்லில் கிடைத்த ஆர்.என்.ஏ.க்களின் நுனிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தது. புரதங்களுக்கும் ரைபோசோமுக்கும் உரிய மரபணுக்களுக்கு இடையே, ஏறக்குறைய எல்லா இடங்களிலும் ஒரு கடத்து ஆர்.என்.ஏ. மரபணு இருந்தது. படியெடுத்த இழையில் அந்தச் சிறு பகுதிகள் உடனே தங்களுக்குரிய வடிவத்தில் மடிந்துகொள்கின்றன: ஒரு காம்புத் தண்டு, அதிலிருந்து கிளைக்கும் மூன்று கண்ணிகள். நொதிகள் எழுத்துகளைப் படித்து வெட்டுவதில்லை. இந்த வடிவத்தை அடையாளம் கண்டு அதன் இரு ஓரங்களிலும் வெட்டுகின்றன. தபால்தலைத் தாளில் துளை வரிசை எப்படியோ, அப்படி இந்த மடிப்புகள் ஒரு மரபணுவை அடுத்ததிலிருந்து பிரித்துக் காட்டுகின்றன. இந்த விளக்கத்துக்கு ஆய்வாளர்கள் 'நிறுத்தற்குறி மாதிரி' என்று பெயரிட்டனர். வெட்டி எடுக்கப்படும் கடத்து ஆர்.என்.ஏ.யும் வீணாவதில்லை. ரைபோசோமுக்கு அமினோ அமிலங்களைச் சுமந்துவரும் வேலை அதற்குக் காத்திருக்கிறது.

முன்பக்கத்தில் வெட்டுவது ஆர்னேஸ்-பி என்ற நொதி. பாக்டீரியாக்களில் இந்த நொதியின் வெட்டும் பகுதியே ஓர் ஆர்.என்.ஏ. அதைக் கண்டறிந்ததற்காக சிட்னி ஆல்ட்மன் 1989-இல் தாமஸ் செக்குடன் நோபெல் பரிசு பெற்றார். மனித மைட்டோகாண்ட்ரியாவின் ஆர்னேஸ்-பியில் ஆர்.என்.ஏ. துளியும் இல்லை, மூன்று புரதங்கள் சேர்ந்து அதே வேலையைச் செய்கின்றன. வியன்னாவில் வால்டர் ராஸ்மனித்தின் குழு 2008-இல் இதை நிறுவியது. பின்பக்கத்தில் ஈலாக்2 என்ற நொதி வெட்டுகிறது. அதன்பின் இன்னொரு நொதி வந்து வெட்டிய நுனியில் சி-சி-ஏ என்ற மூன்று எழுத்துகளை ஒட்டுகிறது. அமினோ அமிலம் வந்து பிடித்துக்கொள்வது அந்த நுனியில்தான். இடையில் கடத்து ஆர்.என்.ஏ. இல்லாத சில சந்திப்புகளும் உண்டு. அங்கே ஃபாஸ்ட்கே குடும்பத்துப் புரதங்கள் உதவிக்கு வருகின்றன.

வெட்டு முடிந்த பிறகும் ஒரு குறை மிஞ்சுகிறது. புரதம் எங்கே முடிகிறது என்று ரைபோசோமுக்குச் சொல்லும் சொல் பெரும்பாலும் யு-ஏ-ஏ. மனித மைட்டோகாண்ட்ரியாவின் 13 புரத மரபணுக்களில் 7 மரபணுக்களில் இந்தச் சொல் முழுமையாக இல்லை. சிலவற்றில் யு மட்டும் இருக்கிறது. சிலவற்றில் யு-ஏ வரை இருக்கிறது. புரதத்துக்கான செய்தியைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ.வின் வெட்டிய வால்நுனியில் ஒரு நொதி ஏ எழுத்துகளை வரிசையாகச் சேர்க்கும்போது, முதல் ஒன்றிரண்டு ஏ-க்கள் அந்தச் சொல்லை நிறைவு செய்துவிடுகின்றன. டி.என்.ஏ.வில் பாதியாக நின்ற கட்டளை ஆர்.என்.ஏ.வில்தான் முழுமை பெறுகிறது.

ஒரே ஒரு மெத்தில்

மடிப்பு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு லைசின் என்ற அமினோ அமிலத்தைச் சுமக்கும் கடத்து ஆர்.என்.ஏ. நல்ல சான்று. ஸ்ட்ராஸ்பூரில் மார்க் ஹெல்ம், கேத்தரின் ஃபுளோராந்த்ஸ் ஆகியோரின் குழு இந்த ஆர்.என்.ஏ.வைச் சோதனைக்குழாயில் தயாரித்தது. எழுத்து வரிசையில் பிழையே இல்லை. ஆனாலும் அது கிளைகளுடன் மடியாமல், நீண்ட ஒற்றைத் தண்டாக மடிந்தது. அந்த வடிவத்தால் செல்லில் எந்தப் பயனும் இல்லை.

செல்லில் கிடைக்கும் ஆர்.என்.ஏ. மட்டும் சரியாக மடிவது ஏன் என்று தேடியபோது, 9-ஆம் இடத்திலுள்ள ஏ எழுத்தில் வேறுபாடு தெரிந்தது. செல்லில் அதன்மேல் ஒரு மெத்தில் தொகுதி ஒட்டியிருக்கிறது: ஒரு கார்பன் அணு, மூன்று ஹைட்ரஜன் அணுக்கள், அவ்வளவுதான். மெத்தில் இல்லாதபோது இந்த ஏ, 64-ஆம் இடத்திலுள்ள யு-வுடன் இணைந்து தவறான தண்டுக்கு அடிப்படை போடுகிறது. மெத்தில் இருந்தால் அந்த இணைப்பு நடக்காது; ஆர்.என்.ஏ. உரிய கிளை வடிவத்தை எடுக்கிறது. 1998, 1999 ஆண்டுகளில் வெளியான இந்த ஆய்வுகள், ஒற்றை மெத்தில் தொகுதியே ஓர் ஆர்.என்.ஏ.வின் மடிப்பை முடிவு செய்யும் என்று காட்டின.

இந்த மெத்திலை ஒட்டுவது டிஆர்எம்டி10சி என்ற புரதமும் அதன் துணைப் புரதமும். ஆர்னேஸ்-பியின் மூன்று புரதங்களில் இரண்டு இவைதான். ஆர்.என்.ஏ.வைச் சரியான வடிவத்தில் பிடித்து நிறுத்துவதும், மெத்தில் இடுவதும், வெட்டுவதும் ஒரே மேடையில் நடக்கின்றன. பலவீனமாக மடியும் ஆர்.என்.ஏ.க்களுக்குப் புரதங்கள் கொடுக்கும் முட்டு இது.

படியெடுத்தலை நிறுத்தும் மடிப்பு

மடிப்பு வெட்டும் இடத்தைக் காட்டுவதோடு நிற்பதில்லை. படியெடுத்தலையே நிறுத்தவும் செய்கிறது. மரபணு இல்லாத பகுதியிலுள்ள தொடக்க இடம் ஒன்றிலிருந்து போல்ஆர்எம்டி புறப்பட்டதும், சிறிது தொலைவில் ஜி எழுத்துகள் செறிந்த பகுதியைக் கடக்கிறது. அங்கே புதிய ஆர்.என்.ஏ.வின் ஜி-க்களும் டி.என்.ஏ.வின் ஜி-க்களும் நான்கு நான்காகச் சேர்ந்து இறுகிய அடுக்காக நிற்கின்றன. இதற்கு ஜி-நான்மை என்று பெயர். நொதி அதில் தடுக்கி நின்றுவிடுகிறது. யோத்தபோரியில் மரியா ஃபால்கன்பெர்க், கிளேஸ் கஸ்தாஃப்சன் குழுவினர் 2010, 2012 ஆண்டுகளில் இதை விளக்கினர். பாதியில் நின்ற அந்தச் சிறு ஆர்.என்.ஏ.வைத் தொடக்கமாகக் கொண்டு, டி.என்.ஏ. தன்னையே நகலெடுக்கத் தொடங்க முடிகிறது. டெஃபெம் என்ற புரதம் உடன் இருந்தால் நொதி அந்தத் தடையைத் தாண்டி முழு வளையத்தையும் படியெடுக்கிறது. மரபணுக்களைப் பயன்படுத்துவதா, டி.என்.ஏ.வைப் பெருக்குவதா என்ற முடிவு அந்த மடிப்பில்தான் எடுக்கப்படுகிறது.

இரு இழைகளும் முழுதாகப் படியாவதால் ஓர் ஆபத்தும் உண்டு. எதிரெதிர்த் திசைகளில் உருவாகும் இரண்டு ஆர்.என்.ஏ.க்களும் எழுத்துக்கு எழுத்து பொருந்தும். அவை சேர்ந்தால் இரட்டை இழை ஆர்.என்.ஏ. உருவாகும். பல வைரஸ்கள் பெருகும்போது இதே வகை ஆர்.என்.ஏ. தோன்றுவதால், செல் அதைக் கண்டதும் நோய் எதிர்ப்பைத் தொடங்கிவிடும். எஸ்யூவி3, பிஎன்பேஸ் என்ற இரு நொதிகள் தேவையற்ற இழையை உடனுக்குடன் சிதைத்து இந்தக் குழப்பத்தைத் தடுக்கின்றன. இந்தச் சிதைப்பு தவறினால் இரட்டை இழை ஆர்.என்.ஏ. மைட்டோகாண்ட்ரியாவை விட்டு வெளியே கசிந்து, வைரஸே இல்லாமல் எதிர்ப்பு மண்டலத்தை எழுப்பிவிடும் என்று 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது.

சுருங்கிய ரைபோசோம்

மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனி ரைபோசோம் உண்டு. அதன் இரண்டு ஆர்.என்.ஏ.க்களும் பாக்டீரியாவில் உள்ளவற்றைவிட மிகச் சிறியவை. பாக்டீரியாவின் சிறு ஆர்.என்.ஏ. 1,542 எழுத்துகள், பெரியது 2,904 எழுத்துகள். மனித மைட்டோகாண்ட்ரியாவில் அவை முறையே 954, 1,559. குறைந்த இடங்களைப் புரதங்கள் சூழ்ந்திருக்கின்றன. பாக்டீரியா ரைபோசோமில் மூன்றாவதாக ஒரு சிறு ஆர்.என்.ஏ. உண்டு, மனித மைட்டோகாண்ட்ரியாவில் அது கிடையாது. அது இருக்க வேண்டிய இடத்தில் வேலின் என்ற அமினோ அமிலத்துக்குரிய கடத்து ஆர்.என்.ஏ. ஒன்று நிலையாக அமர்ந்திருக்கிறது. மரபணு வளையத்திலும் அதன் இடம் இரண்டு ரைபோசோம் ஆர்.என்.ஏ.க்களுக்கு நடுவில்தான். 2014, 2015 ஆண்டுகளில் இந்த அமைப்பைப் படம்பிடித்தது கேம்பிரிட்ஜில் வெங்கி ராமகிருஷ்ணனின் ஆய்வகம். சிதம்பரத்தில் பிறந்த அவர், பாக்டீரியா ரைபோசோம் ஆய்வுக்காக 2009-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.

மற்ற உயிர்களின் வழிகள்

பிற உயிர்களில் மைட்டோகாண்ட்ரியாவின் போக்கு இன்னும் விந்தையானது. குடலில் வாழும் உருளைப்புழுக்களின் கடத்து ஆர்.என்.ஏ.க்களில் ஒரு கிளையே இருப்பதில்லை. அப்படியும் அவை வேலை செய்கின்றன. டிப்ளோனிமா என்ற கடல்வாழ் நுண்ணுயிரில் காக்ஸ்1 என்ற மரபணு ஒன்பது துண்டுகளாக, வெவ்வேறு டி.என்.ஏ. வளையங்களில் சிதறிக்கிடக்கிறது. ஒவ்வொரு துண்டும் தனித்தனியே படியாகி, பிறகு ஒரே ஆர்.என்.ஏ.வாக இணைக்கப்படுகிறது.

எல்லாவற்றையும் மிஞ்சுவது காலா அசார் என்ற கருங்காய்ச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணியும் அதன் உறவுகளும். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியராக இருந்த சார்லஸ் டோனவன் 1903-இல் இந்த ஒட்டுண்ணியைக் கண்டார். அதே ஆண்டு வில்லியம் லீஷ்மனும் அதை அறிவித்திருந்தார். இருவர் பெயரையும் சேர்த்து ரொனால்ட் ராஸ் அதற்கு லீஷ்மேனியா டோனவானி என்று பெயரிட்டார். சாயம் ஏற்றிய கண்ணாடிச் சில்லில் இந்த உயிரைப் பார்த்தால், உட்கருவுக்குப் பக்கத்தில் சிறு குச்சி போன்ற கருமையான புள்ளி ஒன்று தெரியும். அது முழுவதும் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. ஒன்றோடொன்று கோத்துக்கிடக்கும் ஆயிரக்கணக்கான வளையங்கள் அதில் உள்ளன.

இந்தக் குடும்பத்து உயிர்களின் மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள பல மரபணுக்களை அப்படியே படித்தால் புரதம் கிடைக்காது, எழுத்துகள் குறைகின்றன. 1986-இல் ஆம்ஸ்டர்டாமில் ராப் பென்னின் குழு, டி.என்.ஏ.வில் இல்லாத நான்கு யு எழுத்துகள் ஆர்.என்.ஏ.வில் இருப்பதைக் கண்டது. ஆப்பிரிக்கத் தூக்க நோயை உண்டாக்கும் டிரிப்பனோசோமாவில், காக்ஸ்3 என்ற ஒரே மரபணுவின் ஆர்.என்.ஏ.வில் 547 யு-க்கள் சேர்க்கப்பட்டு 41 யு-க்கள் நீக்கப்படுகின்றன. முடிவில் கிடைக்கும் ஆர்.என்.ஏ.வில் பாதிக்கும் மேல் மரபணுவில் எழுதப்படாதது. எங்கே சேர்ப்பது என்று காட்டுவன வழிகாட்டி ஆர்.என்.ஏ.க்கள். லாரி சிம்சனின் குழு 1990-இல் லீஷ்மேனியாவில் அவற்றைக் கண்டறிந்தது. வழிகாட்டி ஆர்.என்.ஏ. தூது ஆர்.என்.ஏ.வுடன் இணைந்து மடியும்போது, துணை கிடைக்காத எழுத்துகள் வெளியே துருத்தி நிற்கும். நொதிகள் அங்கே வெட்டி, யு-வைச் சேர்த்தோ நீக்கியோ மறுபடி ஒட்டுகின்றன. வளையங்களில் பெரும்பாலானவை இந்த வழிகாட்டிகளைத் தருவதற்காகவே இருக்கின்றன.

தாவரங்களும் ஆர்.என்.ஏ.வைத் திருத்துகின்றன, அவை சி எழுத்தை யு-வாக மாற்றுகின்றன. 1989-இல் கண்டறியப்பட்ட இந்த மாற்றம், அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியின் மைட்டோகாண்ட்ரியாவில் 400-க்கும் மேற்பட்ட இடங்களில் நடக்கிறது. திருத்த வேண்டிய இடத்தை அடையாளம் காட்டும் புரதக் குடும்பம் விவசாயத்துக்கும் நெருக்கமானது. வீரிய ஒட்டு நெல் விதை உற்பத்தியில் பயன்படும் ஆண்மலட்டு நெல் ரகங்களில், மைட்டோகாண்ட்ரியாவின் ஒரு விந்தை மரபணு மகரந்தத்தைச் செயலிழக்கச் செய்கிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு புரதம் அந்த மரபணுவின் ஆர்.என்.ஏ.வைக் குறைத்து, ஒட்டு நெல்லில் மணி பிடிக்க வைக்கிறது.

மடிப்பு பிழைத்தால்

மனித மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வில் கடத்து ஆர்.என்.ஏ. மரபணுக்கள் பிடிக்கும் இடம் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நோய் உண்டாக்குவதாக அறியப்பட்ட மாற்றங்களிலோ பாதிக்கும் மேல் அவற்றில்தான் இருக்கின்றன. 1990-இல் இரண்டு மாற்றங்கள் கண்டறியப்பட்டன. 3243-ஆம் எழுத்து ஏ-யிலிருந்து ஜி ஆனால், லியூசினுக்குரிய கடத்து ஆர்.என்.ஏ. பாதிக்கப்படுகிறது. பக்கவாதம் போன்ற தாக்குதல், தசைத் தளர்ச்சி, இரத்தத்தில் லாக்டிக் அமிலம் மிகுதல் ஆகியவை கொண்ட மெலாஸ் நோய் அதன் விளைவு. சிலருக்கு இதே மாற்றம் நீரிழிவையும் காது கேளாமையையும் சேர்த்துத் தருகிறது. 8344-ஆம் எழுத்து அதேபோல் மாறினால், லைசினுக்குரிய கடத்து ஆர்.என்.ஏ. கெட்டு, வலிப்பும் தசைத் துடிப்பும் கொண்ட மெர்ஃப் நோய் வருகிறது. இரண்டு நோய்களிலும், ஆர்.என்.ஏ.வின் ஓர் எழுத்தில் ஏற வேண்டிய டாரின் என்ற சிறு மூலக்கூறு ஏறாமல் போகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை நிறுவினர். ஒரு செல்லில் எத்தனை வளையங்களில் மாற்றம் இருக்கிறது என்பதைப் பொறுத்து நோயின் கடுமை கூடும், குறையும்.

நடைமுறையில் பலருக்கும் தெரிந்திருக்க வேண்டியது 1555-ஆம் எழுத்தின் மாற்றம். இது ரைபோசோமின் சிறு ஆர்.என்.ஏ.வில் உள்ளது. அங்கே ஏ-யும், எதிரிலுள்ள சி-யும் இணையாமல் நிற்பதுதான் இயல்பு. ஏ-யின் இடத்தில் ஜி வந்தால் ஜி-சி இணை உருவாகி, தண்டு ஓர் இணை அளவு நீள்கிறது. அந்த ஒரே மடிப்பால் மனித மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோம் அந்த இடத்தில் பாக்டீரியாவின் ரைபோசோமை ஒத்துவிடுகிறது. ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், கனமைசின், அமிக்காசின் போன்ற மருந்துகள் பாக்டீரியாவின் ரைபோசோமைப் பிடித்து அதைக் கொல்பவை. இந்த மாற்றம் உள்ளவர்களிடம் அவை உட்செவியின் நுண்ணிய செல்களில் உள்ள மைட்டோகாண்ட்ரியாவையும் தாக்கி, நிரந்தரமாகக் கேட்கும் திறனைப் பறித்துவிடக்கூடும். பிறருக்குப் பாதுகாப்பான அளவு மருந்தே இவர்களுக்குப் போதும். 1993-இல் இந்தத் தொடர்பு கண்டறியப்பட்டது.

இந்த மருந்துகள் உயிர் காப்பவை. கடும் நோய்த்தொற்றிலும் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயிலும் அவற்றில் சிலவற்றுக்கு இன்றும் இடம் உண்டு. யாரும் தாமாக அவற்றை மறுத்துவிடக் கூடாது. ஆனால் தாய், தாயின் உடன்பிறந்தோர், தாய்வழிப் பாட்டி ஆகியோரில் யாருக்காவது இப்படிப்பட்ட ஊசிக்குப் பிறகு காது கேளாமல் போயிருந்தால், சிகிச்சை தொடங்கும் முன்பே மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். மாற்று மருந்தா, மரபணுப் பரிசோதனையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். சரியான நேரத்தில் சொல்லும் அந்தத் தகவல் ஒருவரின் கேட்கும் திறனைக் காப்பாற்றும்.